ஜெர்மனி கிளம்புகிறேன்: இந்திய சிம்மை அம்மாவிடம் விட்டுப்போகவா, கையோடு கொண்டுபோகவா?

உடுமலைக்காரி

வணக்கம். அடுத்த மாதம் ஸ்டுட்கார்ட்டில் வேலையில் சேர்கிறேன். வீசா வந்துவிட்டது, டிக்கெட்டும் போட்டாயிற்று. துணிமணி, மசாலாப்பொடி எல்லாம் அம்மா பார்த்துக்கொள்கிறார். எனக்கு இருக்கிற ஒரே கவலை என் போன் நம்பர்.

ப்ளஸ் டூ முடித்தபோது அப்பா தன் பெயரில் எடுத்துக் கொடுத்த ப்ரீபெய்டு சிம். கோவையில் பம்ப் கம்பெனியில் வேலை பார்த்த காலம் முழுக்க அதே நம்பர்தான். சம்பளக் கணக்கு, ஆதார், பான், பிஎஃப், டிஜிலாக்கர், வருமான வரி எல்லாம் அதில்தான் இருக்கின்றன. என்னுடையது மட்டும் என்றால் பரவாயில்லை. வீட்டில் எந்தப் படிவம் நிரப்பினாலும் "உன் நம்பரையே போட்டுடு கண்ணு, எனக்கு இந்த மெசேஜ் எல்லாம் பார்க்கத் தெரியாது" என்பார் அப்பா. அதனால் கேஸ் இணைப்பு, ஈபி, ரேஷன் கார்டு, அப்பாவின் பென்ஷன் வருகிற வங்கிக் கணக்கு என்று எல்லாவற்றுக்கும் என் நம்பர்தான். சிலிண்டர் கொண்டுவருகிறவர் கேட்கும் நாலு இலக்க எண் கூட என் போனுக்குத்தான் வரும். நான் ஆபீசிலிருந்து வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொல்வேன்.

"பழைய போன் ஒன்றில் சிம்மைப் போட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போ, ஓடிபி வந்தால் அவர் படித்துச் சொல்லட்டும், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்கிறார் சித்தப்பா. எனக்கு மனசு ஒப்பவில்லை. கண்ணாடி போட்டாலும் அம்மா சின்ன எழுத்தில் தடுமாறுவார். ஜெர்மனிக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் வித்தியாசம். நான் வேலை முடித்துவிட்டு பேங்க் வேலையைப் பார்க்க உட்காரும்போது உடுமலையில் ராத்திரி பத்து, பத்தரை ஆகியிருக்கும். தூங்குகிறவரை எழுப்பி நம்பர் படிக்கச் சொல்ல வேண்டும்.

கையோடு கொண்டுபோனால் ஓடிபி ஒழுங்காக வருமா? வருஷத்துக்கு எவ்வளவு செலவாகும்? போஸ்ட்பெய்டாக மாற்றினால் நல்லதா? ஜெர்மன் நம்பரை வங்கியில் கொடுத்துவிட்டு இந்த நம்பரையே விட்டுவிடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

துபாய்_பாண்டி

ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை. என் சிம் ஊரில் மனைவி போனில் இரண்டாவது ஸ்லாட்டில் கிடக்கிறது. ரீசார்ஜ் பண்ணுவது அவள்தான். ஓடிபி வந்தால் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவாள். இதுவரை ஒரு சிக்கலும் இல்லை. வீட்டு விஷயம் எல்லாம் அந்த நம்பரில் இருந்தால் வீட்டிலேயே இருப்பதுதான் வசதி.

---

ஹாம்பர்க்_தென்காசி

தங்கச்சி, உங்கள் மனசு ஒப்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் சரி. பாண்டி அண்ணன் வீட்டில் மனைவி விவரம் தெரிந்தவர், அவருக்கு அது ஒத்துவருகிறது. வயதான அம்மா அப்பா மட்டும் இருக்கிற வீட்டில் அந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சிம், ரோமிங் எல்லாம் அதற்கப்புறம்தான்.

தென்காசியில் எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருக்கிறார். மகன் கல்ஃபில். மகனுடைய சிம் பெரியம்மாவிடம். மகன் கூப்பிட்டு "அம்மா, இப்ப ஒரு நம்பர் வந்திருக்கும், படி" என்பான், பெரியம்மா படிப்பார். இப்படியே அவருக்குப் பழகிவிட்டது. பழகிவிட்டது என்றால், போனில் யார் "நம்பர் வந்திருக்கும், படிங்க" என்றாலும் வாய் தானாகப் படித்துவிடும். ஒருநாள் மத்தியானம் ஒருத்தன் கூப்பிட்டு, மகன் பெயரைச் சொல்லி, "அவர் சொல்லித்தான் கேட்கிறேன், கணக்கு முடங்கப்போகிறது" என்றான். பெரியம்மா மூன்று தடவை மூன்று ஓடிபியைப் படித்துக் கொடுத்தார். மகன் வீடு கட்டச் சேர்த்த பணம் போனது. சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்து புகார் கொடுத்தார்கள், கொஞ்சம் திரும்பி வந்தது. போன பணத்தை விட எனக்கு வருத்தமாக இருந்தது வேறு. பெரியம்மா அதற்கப்புறம் மகனிடம் பேசவே கூச்சப்பட்டார். தான் முட்டாள் என்று நினைத்துக்கொண்டார். அவர் முட்டாள் இல்லை. எந்த வங்கியும் எந்த அதிகாரியும் கேட்கக்கூடாது என்று ஊரெல்லாம் சொல்கிற ஒரு காரியத்தை, வாரா வாரம் மகனே செய்யச் சொல்லிப் பழக்கியிருக்கிறான்.

அதனால் என் வீட்டில் ஒரே விதி: போனில் கேட்கிற குரலுக்கு ஓடிபி சொல்லக்கூடாது. அது என் குரலாகவே இருந்தாலும் சொல்லக்கூடாது. நான் ஒருநாளும் கேட்க மாட்டேன் என்று அம்மாவுக்குத் தெரியும். ஆகவே, என் பெயரைச் சொல்லி யார் கேட்டாலும் அது திருடன்தான் என்பதும் தெரியும். இந்த விதி நிற்க வேண்டுமென்றால் என் சிம் என்னிடம்தான் இருக்க வேண்டும்.

சிலிண்டர் எண் மட்டும் வேறு விஷயம். வாசலில் சிலிண்டரோடு நிற்கிற ஆளைக் கண்ணால் பார்த்துச் சொல்வது அது. அதை அப்பா போனுக்கு மாற்றிக் கொடுங்கள். பட்டன் போன் என்றாலும் எஸ்எம்எஸ் வரும்.

ஆக, நீங்கள் கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டிய பெரிய வேலை இந்தப் பிரிவினைதான். வீட்டுச் சமாசாரம் எல்லாம் அப்பா நம்பருக்குப் போகட்டும். கேஸ் ஏஜென்சிக்கு ஒரு நடை, ஈபி ஆபீசுக்கு ஒரு நடை, ரேஷன் கார்டில் நம்பர் மாற்றம், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வங்கிக்கு ஒரு நடை. பென்ஷன் கணக்கை முதலில் செய்யுங்கள். உங்கள் சிம்முக்கு நாளைக்கு ஏதாவது ஆனால் அப்பாவின் பென்ஷனும் சேர்ந்து மாட்டக்கூடாது. அலைச்சல்தான், ஆனால் நீங்கள் ஊரில் இருக்கும்போது இது ஒரு வார வேலை. இங்கே வந்தபிறகு அடுத்த லீவு வரைக்கும் இழுக்கும்.

இப்போது சிம்முக்கு வருவோம். கொண்டுவந்தால் ஓடிபி வருமா என்றால், வரும். பெரிய தனியார் கம்பெனிகள் மூன்றிலும் ரோமிங்கில் உள்ளே வருகிற எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு இல்லை. ஆனால் இன்டர்நேஷனல் ரோமிங் சேவை அந்த நம்பரில் ஆன் ஆகியிருக்க வேண்டும். அதை இந்தியாவில் இருக்கும்போதே கம்பெனி ஆப்பில் பார்த்து ஆன் பண்ணிவிடுங்கள். ரோமிங் பேக் எதுவும் வாங்கத் தேவையில்லை. போனில் அந்த சிம்முக்கு டேட்டா ரோமிங்கை அணைத்து வையுங்கள். அந்த நம்பருக்கு அழைப்பு வந்தால் எடுக்காதீர்கள், பேக் இல்லாமல் எடுத்தால் நிமிடக் கணக்கில் காசு போகும். "இனி என்னை வாட்ஸ்அப்பில் கூப்பிடுங்கள்" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்துவிட்டால் போதும்.

சில நேரம் ஓடிபி வராமல் அடம்பிடிக்கும். ஜெர்மனியில் 3ஜி 2021-லேயே மூடிவிட்டார்கள், 4ஜியும் பழைய 2ஜியும் இருக்கின்றன. இந்திய சிம் ஏதாவது ஒரு நெட்வொர்க்கில் தொற்றிக்கொண்டு சும்மா நிற்கும், மெசேஜ் இறங்காது. அப்போது செட்டிங்கில் போய் நெட்வொர்க் தேர்வை 'தானாக' என்பதிலிருந்து மாற்றி, டெலிகாம், வோடஃபோன், ஓ2 என்ற இங்குள்ள நெட்வொர்க்குகளை ஒவ்வொன்றாக நீங்களே தேர்ந்து பாருங்கள். எனக்குப் பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். ஒருமுறை எது ஒத்துவருகிறது என்று தெரிந்துகொண்டால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

சிம் உயிரோடு இருப்பது பற்றி ஒரு குழப்பம் எல்லாரிடமும் உண்டு. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் ப்ரீபெய்டு நம்பரைத் துண்டிக்கலாம், கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் 30 நாள் விட்டுவைக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட விதி. இதைப் படித்துவிட்டு "20 ரூபாய் போட்டு வைத்தால் போதும்" என்று நிறையப் பேர் சொல்வார்கள். அந்த 20 ரூபாய் நம்பரைக் காப்பாற்றலாம், ஓடிபியைக் கொண்டுவராது. பேக் முடிந்துவிட்டால் முதலில் வெளியே போவது நிற்கும், சில நாளில் உள்ளே வருவதும் நின்றுவிடும். வரி கட்ட வேண்டிய நாளில்தான் அது தெரியவரும். அதனால் வேலிடிட்டி எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

துண்டித்த நம்பரைக் குறைந்தது 90 நாள் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று டிராய் 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அந்த 90 நாளுக்கு அப்புறம் அது யார் கைக்கும் போகலாம். உங்கள் வங்கிக்கும் ஆதாருக்கும் போகிற மெசேஜ் முகம் தெரியாத ஒருவரின் போனில் விழும். பூட்டை மாற்றாமல் சாவியை மட்டும் தெருவில் போட்டுவிட்டுப் போவது மாதிரி அது. ஆகவே "விட்டுவிடலாமா" என்ற கேள்விக்கு, எல்லா இடத்திலிருந்தும் அந்த நம்பரை எடுத்து முடிக்கும்வரை விடக்கூடாது என்பதுதான் பதில். ஆதார் இருக்கும்வரை எடுத்து முடிக்கவும் முடியாது. ஆதார் ஓடிபி இந்திய நம்பருக்கு மட்டும்தான் வரும்.

---

கடைக்காரர்_பல்லடம்

ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன், விலை விவரம் நான் சொல்கிறேன். வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்கு டேட்டா பேக் தண்டச் செலவு. கால், எஸ்எம்எஸ் மட்டும் இருக்கிற பேக் தனியாகக் கொடுக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவு போட்டது, கூடவே அந்த மாதிரி பேக்குக்கு 90 நாள் என்று இருந்த உச்சவரம்பை 365 நாளாக்கியது. 2025 ஜனவரியில் வந்த விலை: ஏர்டெல் 84 நாளுக்கு 469 ரூபாய், 365 நாளுக்கு 1849. ஜியோ 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1748. வி (வோடஃபோன் ஐடியா) கம்பெனியிலும் வருஷத்துக்கு 1849. போடுகிற அன்றைக்கு ஆப்பில் ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள், விலை மாறிக்கொண்டே இருக்கும்.

என்னைக் கேட்டால் வருஷ பேக்கே போடுங்கள். 28 நாள் பேக் போட்டுவிட்டு மறந்துபோய் இங்கே ஓடிவருகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். முடிவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே அடுத்ததைப் போட்டுவிடுங்கள். அப்பாவும் எந்தக் கடையிலும் போடலாம், அதற்கு ஓடிபி எதுவும் வேண்டாம்.

போஸ்ட்பெய்டு பற்றிக் கேட்டீர்கள். அதில் 'சேஃப் கஸ்டடி' என்று ஒன்று உண்டு, குறைந்த கட்டணத்தில் நம்பரை நிறுத்தி வைப்பார்கள். நம்பர் பத்திரமாக இருக்கும், ஆனால் சேவை நின்றுவிடும், ஓடிபி வராது. உங்களுக்கு அது உதவாது.

இன்னொன்று. சிம் அப்பா பெயரில் இருக்கிறது என்றீர்கள். சிம் தொலைந்தாலோ கெட்டுப்போனாலோ டூப்ளிகேட் வாங்க யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் நேரில் வர வேண்டும், விரல் வைக்க வேண்டும் அல்லது முகம் காட்ட வேண்டும். உங்கள் பெயரில் மாற்றிவிட்டால் நீங்கள் ஜெர்மனியிலிருந்து வர வேண்டும். அப்பா பெயரில் இருந்தால் அவர் உடுமலையில் போய் வாங்கிவிடலாம். அப்படியே விட்டுவிடுவது நல்லது என்பேன்.

---

உடுமலைக்காரி

ஹாம்பர்க் அண்ணா, உங்கள் பதிலை அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். பெரியம்மா கதையைக் கேட்டதும் "அந்தச் சிம் எனக்கு வேண்டாம் சாமி, நீயே கொண்டுபோ" என்றுவிட்டார். அப்பாவும் கேஸ் ஆபீசுக்கு வர ஒத்துக்கொண்டார்.

கடைக்கார அண்ணா, பெயர் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி.

வங்கிப் பக்கம்தான் இன்னும் தெளிவில்லை. ஜெர்மன் நம்பரைக் கொடுத்தால் யுபிஐ ஓடுமா? அம்மாவுக்கு மருந்துக்கடைக்குப் பணம் அனுப்புவது, பால்காரருக்குக் கொடுப்பது எல்லாம் நான் யுபிஐயில்தான் செய்கிறேன். அது நிற்கக்கூடாது.

---

திருச்சி_என்ஆர்ஐ_டெஸ்க்

நான் வங்கியில் வெளிநாட்டு வாடிக்கையாளர் பிரிவில் வேலை பார்க்கிறேன். எந்த வங்கி என்பது முக்கியமில்லை, விதி எல்லாருக்கும் ஒன்றுதான்.

முதல் விஷயம், நீங்கள் வேலைக்காக வெளிநாடு போகிறீர்கள் என்பதால் இப்போது இருக்கிற சேமிப்புக் கணக்கு சாதாரண உள்ளூர்க் கணக்காகத் தொடரக்கூடாது. அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமா விதிப்படி அதை என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாட்டில் வாழ்கிறவர்கள் இந்தியாவில் வருகிற பணத்துக்கு வைத்திருக்கும் கணக்காக, மாற்ற வேண்டும். அங்கிருந்து அனுப்பும் சம்பளத்துக்கு என்ஆர்இ கணக்கு. இதைப் பலரும் வருஷக்கணக்கில் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள். போகும் முன் கிளையில் விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், எந்தெந்த ஆவணம் வேண்டும் என்றும் எழுதி வாங்குங்கள்.

யுபிஐ: வெளிநாட்டு நம்பரை வைத்தே என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கில் யுபிஐ பயன்படுத்தலாம் என்று 2023 ஜனவரியில் யுபிஐயை நடத்தும் அமைப்பான என்பிசிஐ அனுமதித்தது. முதலில் அறிவித்த பத்து நாடுகள் சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, கனடா, ஹாங்காங், ஓமான், கத்தார், அமெரிக்கா, சவூதி, ஐக்கிய அரபு அமீரகம், பிரிட்டன். ஜெர்மனி அந்தப் பட்டியலில் இல்லை. வங்கியில் எந்த நம்பர் பதிவாகியிருக்கிறதோ அதே நம்பரில்தான் யுபிஐ ஓடும். ஆகவே அந்தக் கணக்கில் +49 என்று தொடங்கும் ஜெர்மன் நம்பரைக் கொடுத்தால் உங்கள் யுபிஐ நின்றுவிடும். மருந்துக்கடைக்கும் பால்காரருக்கும் பணம் போகிற கணக்கில் இந்திய நம்பரையே வைத்திருங்கள். அது என்ஆர்ஓ ஆனபிறகும் இந்திய நம்பரோடு யுபிஐ ஓடும், ஆப் மறுபடி ஒருமுறை இணைக்கச் சொன்னாலும் சொல்லும்.

இணைப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, இதைக் கவனியுங்கள். யுபிஐ ஆப்பை ஒரு போனில் முதல்முறை திறக்கும்போது உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் வெளியே போகும். உள்ளே வருவது இலவசம், வெளியே போவது ரோமிங் கட்டணத்தில்தான் போகும், அதற்கு சிம்மில் பணம் இருக்க வேண்டும். சில நேரம் போகாமலே நின்றுவிடும். அதனால் எந்தப் போனை ஸ்டுட்கார்ட்டில் பயன்படுத்தப் போகிறீர்களோ அதிலேயே, இங்கே இருக்கும்போதே, எல்லா ஆப்பையும் இணைத்துச் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள். போய்ச் சேர்ந்ததும் புதுப் போன் வாங்கும் யோசனை இருந்தால் அதை இங்கேயே வாங்கிவிடுங்கள் அல்லது அடுத்த லீவு வரை பொறுங்கள்.

சம்பளப் பணம் போகும் என்ஆர்இ கணக்கை முடிந்தால் வேறொரு வங்கியில் திறங்கள். என்ஆர்ஐ வாடிக்கையாளர்களுக்கு வெளிநாட்டு நம்பரைப் பதிவு செய்து கொடுக்கிற வங்கிகள் நிறைய உண்டு, அங்கே ஜெர்மன் நம்பரையும் மின்னஞ்சலையும் கொடுங்கள். இந்திய சிம் ஒரு வாரம் வேலை செய்யாவிட்டாலும் பெரிய பணம் இருக்கிற கணக்கு உங்கள் கையில் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நம்பரில் கட்டி வைக்காதீர்கள் என்றுதான் வருகிற எல்லாரிடமும் சொல்கிறேன்.

வருமான வரித் தளத்தில் வெளிநாட்டில் இருப்பவர்கள் வெளிநாட்டு நம்பரையே கொடுக்கலாம், மின்னஞ்சலுக்கும் ஓடிபி வரும். ரிட்டர்ன் போட்டு 30 நாளுக்குள் சரிபார்க்க வேண்டும். அதை ஆதார் ஓடிபி இல்லாமல் நெட் பேங்கிங் வழியாகவும் முடிக்கலாம். பிஎஃப் மட்டும் ஆதாரோடு இணைந்த நம்பரைத்தான் கேட்கும். கோவைக் கம்பெனியில் நீங்கள் வேலையை விட்ட தேதியை பிஎஃப் தளத்தில் ஏற்றிவிட்டார்களா, பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று இப்போதே பாருங்கள். அங்கே போய்த் தெரியவந்தால் மனிதவளப் பிரிவில் போனை எடுக்க ஆள் இருக்காது.

சிம் யார் பெயரில் என்பதில் மட்டும் கடைக்காரரோடு எனக்கு ஒத்துப்போகாது. உங்கள் கணக்கு, உங்கள் ஆதார், உங்கள் நம்பர், மூன்றும் ஒரே பெயரில் இருப்பதே நல்லது. போலிக் கணக்குகளைப் பிடிக்க நம்பரின் உரிமையாளரைச் சரிபார்க்கும் பக்கமாகத்தான் அரசு போய்க்கொண்டிருக்கிறது.

---

கடைக்காரர்_பல்லடம்

அக்கா சொல்வது விதிப்படி சரி. நான் நடக்கிறதைச் சொன்னேன். சிம் கெட்டுப்போய், நேரில் வர முடியாமல், வேறு யாரையாவது விட்டு டூப்ளிகேட் கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறவன் நான். அவர்கள் முகம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

---

நியூஜெர்சி_அத்தை

உடுமலைக்காரி, ஒரே ஒரு விஷயம் சேர்க்கிறேன். பிளாஸ்டிக் சிம்மாகவே வைத்துக்கொள் அம்மா, இசிம்மாக (போனுக்குள்ளேயே பதிவாகிற, கழற்ற முடியாத சிம்) மாற்றாதே. எங்களுக்கு வேறு வழி இல்லை. அமெரிக்காவில் விற்கிற ஐபோன் 14-லிருந்து சிம் போடும் தட்டே கிடையாது, அதனால் இசிம்தான். உனக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பிளாஸ்டிக் சிம் என்றால் ஒரு போன் உடைந்தால் கழற்றி இன்னொன்றில் போட்டுக்கொள்வாய், யாரையும் கேட்க வேண்டாம். இசிம்மைப் புதுப் போனுக்கு மாற்றும்போது கம்பெனி சரிபார்ப்பு கேட்கும், அந்தச் சரிபார்ப்பு மெசேஜ் உடைந்த போனில் இருக்கிற நம்பருக்கே வரும். என் தங்கை மகன் இப்படி மாட்டிக்கொண்டு, கடைசியில் ஊருக்குப் போனபோதுதான் சரிசெய்தான்.

சிம்மை மாற்றினால், டூப்ளிகேட் வாங்கினாலும் சரி, இசிம் ஆக்கினாலும் சரி, முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, போகாது. திருட்டைத் தடுக்க அப்படி வைத்திருக்கிறார்கள். அதற்காகவும் கிளம்புகிற நாளில் எதையும் மாற்றாதே. பெயர் மாற்றுவது, கம்பெனி மாற்றுவது எல்லாம் செய்வதாக இருந்தால் இன்றைக்கே ஆரம்பி.

சிம்முக்கு பின் லாக், அதாவது ரகசிய எண் பூட்டு, போட்டுவிடு. போன் தொலைந்தால் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு ஓடிபி வாங்க முடியாது.

---

உடுமலைக்காரி

அனைவருக்கும் நன்றி. அத்தை, பின் லாக் இப்போதே போட்டுவிட்டேன்.

முடிவு செய்தது இது. சிம் என்னோடு வருகிறது, பிளாஸ்டிக் சிம்மாகவே. வருஷ பேக் போட்டாயிற்று. பெயர் மாற்றத்தை இப்போதைக்குத் தொடவில்லை, அப்பா பெயரிலேயே இருக்கட்டும். முதல் லீவில் வரும்போது மாற்றிக்கொள்வேன். இது திருச்சி அக்காவுக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆனால் கிளம்பும் நேரத்தில் அந்த நம்பரில் எதையும் அசைக்கப் பயமாக இருக்கிறது.

கேஸ், பென்ஷன் கணக்கு இரண்டும் அப்பா நம்பருக்கு மாறிவிட்டன. வங்கியில் அப்பா கையெழுத்துப் பொருந்தவில்லை என்று மறுநாள் மறுபடி வரச் சொன்னார்கள், அதுவும் முடிந்தது. ஈபி, ரேஷன் இந்த வாரம். வந்த முதல் சிலிண்டர் எண்ணை அப்பா தானே தன் போனில் திறந்து பார்த்துச் சொன்னார். பார்க்கத் தெரியாது என்றவர்தான்.

பிஎஃப் தளத்தில் வேலை விட்ட தேதி ஏறவில்லை. அக்கா சொல்லியிருக்காவிட்டால் பார்த்தே இருக்க மாட்டேன். கம்பெனியில் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

கடைசியாக ஒன்று. வாட்ஸ்அப்பை இந்திய நம்பரிலேயே வைத்துக்கொள்ளலாமா, ஜெர்மன் நம்பருக்கு மாற்றவா?

---

ஹாம்பர்க்_தென்காசி

இந்திய நம்பரிலேயே இருக்கட்டும், உங்கள் எல்லாக் குழுவும் அதில்தானே இருக்கும். ஆனால் சிம் அதே போனுக்குள் இருக்க வேண்டும், கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிடாதீர்கள். பதிவு செய்த சிம் உள்ளே இருக்கிற போனில்தான் இந்த மாதிரி ஆப்கள் ஓட வேண்டும் என்று 2025 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை கம்பெனிகளுக்கு உத்தரவு அனுப்பியிருக்கிறது. ரோமிங்கில் சிம் உள்ளே இருந்தால் உங்களுக்கு அதனால் தொல்லை வராது. இரண்டு ஸ்லாட் இருக்கிற போன்தானே? இந்திய சிம் முதல் ஸ்லாட்டில், ஜெர்மன் சிம் இரண்டாவதில், டேட்டாவுக்கு ஜெர்மன் சிம்மைத் தேர்ந்துவிடுங்கள். இங்கே ப்ரீபெய்டு ஜெர்மன் சிம் வாங்கும்போது பாஸ்போர்ட் கேட்பார்கள், கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஸ்டுட்கார்ட் இறங்கியதும் வங்கி ஆப்பில் ஏதாவது ஒரு சின்ன வேலையைச் செய்து ஓடிபி வருகிறதா பாருங்கள். வராவிட்டால் நெட்வொர்க்கைக் கையால் மாற்றிப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.